ஐஸ் பெட்டியில் இரண்டு கண்கள்

துக்க வீட்டுக்குப் பந்தல் போடுகிறவர் வருவதற்கு முன்னாலேயே போய் நிற்க வேண்டிய தொழில் என்னுடையது.

செஞ்சியில் கண்தானம் வாங்கும் மையம் ஒன்றில் நான் டெக்னீஷியன். இறந்தவரின் கண்ணில், முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கருவிழியை எடுத்து, மருந்துத் திரவம் உள்ள சின்ன பாட்டிலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, புதுச்சேரியில் இருக்கும் பெரிய கண் வங்கிக்கு அனுப்ப வேண்டும். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அது உதவும். ஆகவே போன் வந்தால் தட்டில் இருக்கும் சோறு அப்படியே இருக்கும். நான் இருக்க மாட்டேன். எங்கள் ஜீப் டிரைவர் தசரதன் அண்ணன் அதற்குள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

வேண்டாத நேரத்தில் அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். கரண்ட் ரீடிங் எடுப்பவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகும் டீச்சர். நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களுக்குச் சொன்னால்தான் புரியும் என்று இதைச் சொல்கிறேன்.

பேங்க் வேலை

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா, எங்கள் பேச்சில் நைனா, எல்லாரிடமும் “பொண்ணு பேங்க்ல வேலை செய்யுது” என்று சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. கண் வங்கியும் வங்கிதானே என்பது அவருடைய கட்சி. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, “எந்த பேங்க்மா? பஸ் ஸ்டாண்டாண்ட இருக்குதே, அதுவா?” என்று ஆசையாகக் கேட்டார். நைனா தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

கேசரி ஸ்பூன் பாதி வழியில் நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா, “அப்ப, பொணத்தைத் தொட்டு…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். எழுந்து உள்ளே போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

“விடு சித்தப்பா. வேற பேங்க்னா நகைக்கடன் வாங்கிக் குடுன்னு நம்ம சொந்தக்காரங்க மொத்தமும் வந்து நிப்பாங்க. இந்த பேங்க்குக்கு ஒருத்தனும் அவசரப்பட்டு வர மாட்டான்.”

ஃபேனை நிறுத்துங்க

சாவுச் செய்தி வந்ததும், நாங்கள் போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுவோம். இமையை மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்கு அடியில் தலையணை கொடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும், அதனால்தான்.

ஒரு கத்திரி வெயிலில் பஜார் பக்கம் ஒரு நெல் வியாபாரி இறந்துபோனார். மகன் கண்தானம் செய்ய வேண்டும் என்று அழைத்தான். நாங்கள் போய் இறங்கியபோது அந்த வீடு நெல் அவிக்கிற அண்டா மாதிரி இருந்தது. அவர் படுத்திருந்த அறையில் மட்டுமல்ல, கூடத்தில், சமையல்கட்டில், மாடியில், எல்லா இடத்திலும் ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். அழுகிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பாதிப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். “அவர் ரூமுல மட்டும் நிறுத்தினா போதுமே” என்று நான் சொன்னதும் எல்லாரும் மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். இறந்தவரின் மச்சான், நல்ல பருமனான மனிதர், துண்டைப் பிழிந்து உதறிவிட்டு என்னிடம் வந்தார்.

“செத்தவரு கண்ணு காயக் கூடாதுன்னு சொன்னீங்க, சரி. அதுக்காக இருக்கிறவங்களை இப்படி வேகவைக்கலாமா மேடம்?”

சோடாபுட்டி

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். அவர் மனைவி கண்தானத்துக்குச் சம்மதித்துவிட்டார். ஆனாலும் நான் கையுறையை மாட்டும்போது கிட்டே வந்து, “ஒரு சந்தேகம் மேடம். அவருக்கு சோடாபுட்டிக் கண்ணாடி. இதை வாங்குறவங்களும் அப்படிப் போடணுமா? பாவமாச்சே” என்றார். கண்ணாடி போடும் குறை உள்ளே இருப்பது, நாங்கள் எடுப்பது முன்னால் இருக்கும் படலம் மட்டும்தான், கடிகாரத்துக்கு மேலே கண்ணாடி இருக்கிறதல்லவா, அதை மட்டும் எடுத்து வேறு கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி என்றேன்.

அவருக்கு அதுவும் முழுசாகத் திருப்தி தரவில்லை. “அப்ப அவர் பார்த்தது, அவர் பார்க்கிற விதம், இதெல்லாம் கூட வராதா?” என்றார். நிச்சயமாக வராது என்றேன். கணவரை ஒரு தடவை பார்த்தார். கண்ணீரோடுதான் சிரித்தார்.

“வாங்குறவங்க தப்பிச்சாங்க. இவர் கண்ணுல எதைக் காட்டினாலும் தப்பு மட்டும்தான் தெரியும்.”

ரோஸ் மில்க்

கருவிழியைப் போட்டு வைக்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு நாள் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. புதுச்சேரி போக ரெடியாக இருந்த பெட்டியில் ஐஸ் கரைய ஆரம்பித்திருந்தது. பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டு ஓடினேன். கடைக்கார ரவி ஐஸை உடைத்துக் கொடுக்க, நான் பெட்டியைத் திறந்து பாட்டில்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் ஐஸை நிரப்பிக்கொண்டிருந்தேன். வெயிலில் வந்து நின்ற ஒரு கஸ்டமர் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, “அண்ணே, எனக்கும் அதே மாதிரி குட்டி பாட்டில்ல ஒரு ரோஸ் மில்க்” என்றார். ரவி நிமிராமலேயே, “அது கண்ணு சார்” என்றான். அந்த மனிதர் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

“எனக்கு சாத்துக்குடியே போதும்ணே.”

மேலே போகிற வழி

அவலூர்பேட்டை போகும் வழியில் ஒரு கிராமம். காசியம்மாள் என்று, களை பறிக்கப் போய்ப் பெண்ணைப் படிக்க வைத்த அம்மாள் இறந்துவிட்டார். மகள் செல்வி போலீஸ்காரி. அவள்தான் எங்களைக் கூப்பிட்டாள். ஆனால் நாங்கள் போய் இறங்கியதும் செல்வியின் தாய்மாமன் வாசலில் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். “எங்கக்காவ கண்ணில்லாம அனுப்பினா மேல போறதுக்கு வழி எப்படித் தெரியும்? நீ இன்னா வேணா படிச்சிருக்கலாம் செல்வி. இது மட்டும் நடக்காது.” முகம் கொஞ்சமும் மாறாது, பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கவலை முகம் இல்லை, வழி. எனக்கு வாட்சைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். பறை அடிக்கிறவர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வி சத்தம் போடவில்லை. மாமன் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, எங்கம்மா என்னிக்கானா தனியாப் போயிருக்குதா? செஞ்சி சந்தைக்குக்கூட நைனாகூடத்தான் போவும். நைனா முன்னாடியே போய்ட்டாரு. எதிர்ல வந்து கையைப் புடிச்சிக் கூட்டினு போவ மாட்டாரா?” மாமன் சுவரில் மாட்டியிருந்த அத்தானின் போட்டோவைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். “இந்த ஆளா? திருவண்ணாமலைக்குன்னு பஸ் ஏறி, கீழ்பென்னாத்தூர்லயே எறங்கிட்டு, மலையக் காணமேன்னு தேடினவராச்சே!” என்றார்.

முதலில் சிரித்தது செல்விதான். அழுதுகொண்டே சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். பறைக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார். மாமனும் சிரித்துவிட்டார், உடனே உடைந்து அழுதார். அக்காவின் நெற்றியைத் தடவிவிட்டு, வாசலை விட்டு விலகி எனக்கு வழிவிட்டார்.

“எடுத்துக்கம்மா. அங்க எப்படியோ போவட்டும். இங்க யாரோ ஒருத்தருக்கு வழி தெரியட்டும்.”

ஜன்னலோரம்

செஞ்சிக்காரர்களுக்கு அமாவாசை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டம் அவ்வளவும் எங்கள் ஊர் வழியாகத்தான் போய்த் திரும்பும். அப்படியொரு நாளில், புதுச்சேரிக்குப் பெட்டியோடு கிளம்பிய எங்கள் ஜீப் திண்டிவனம் ரோட்டில் கிளட்ச் போய் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷனுக்கு இரண்டு பேரை வரச் சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். தசரதன் அண்ணன் ரோட்டின் நடுவே போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று ஒரு பஸ்ஸை நிறுத்தினார். படிக்கட்டிலேயே நாலைந்து பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பெட்டியில இன்னா, மீனா? வழி முழுக்க நாறும், எறக்குங்க” என்றார் கண்டக்டர். கண் என்றேன். யார் கண், எதற்கு என்று இரண்டு வரியில் சொன்னேன். அவர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். “வழி விடுங்கப்பா, ரெண்டு கண்ணு வருது!” அந்தக் கூட்டம் எப்படிப் பிளந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மொட்டை போட்ட குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அவர் எலுமிச்சம்பழம் ஒன்றையும் பெட்டி மேல் வைத்தார். பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றே இரண்டு பேருக்கும் ஆபரேஷன் ஆனது. ஆனால் எனக்கு மறக்காதது, உட்கார்ந்ததும் நான் பெட்டியைக் காலடியில் தள்ளப் போனபோது கண்டக்டர் பதறிப்போய்ச் சொன்னதுதான்.

“கண்ணாச்சேம்மா, ஜன்னலோரமா வைங்க. பாவம், வேடிக்கை பார்த்துனு வரட்டும்.”

வெல்டிங்

எங்கள் மையத்துக்கு எதிரே வெல்டிங் கடை வைத்திருக்கும் ஏழுமலை, நாங்கள் நடத்திய கூட்டமொன்றில் தன் கண்ணை எழுதி வைத்தார். மறுநாளிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பற்றவைக்கிறார். அதுவரை வெறும் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்துத்தான் வேலை. ராத்திரி கண்ணெரிச்சலில் தூங்க மாட்டார். இப்போது ரோட்டில் என்னைப் பார்த்தால் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணையும் அகல விரித்துக் காட்டுகிறார். “ஒரு கீறல் இல்ல மேடம். பொருள் பத்திரமா இருக்குது” என்கிறார்.

அவர் மனைவி ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவர் ஒரு கிண்ணம் நிறைய வேகவைத்த மல்லாட்டையை மேஜைமேல் வைத்தார். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து கண்ணாடி போடு, கண்ணாடி போடுன்னு நான் கத்துறேன். கேக்கல. மூஞ்சி தெரியாத எவனுக்கோ குடுக்கணும்னதும் போடுது மேடம் இந்த ஆளு.”

அஞ்சலையின் அடுப்பங்கரை

சீயமங்கலம் பக்கத்திலிருந்து முனியன் என்பவர் தன் மனைவி அஞ்சலையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அஞ்சலைக்கு ஒரு கண்ணில் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. நன்றாக இருந்த இன்னொரு கண்ணில், கரும்பு வெட்டப் போன இடத்தில் சோகை, அதான் காய்ந்த கரும்பு இலை, கிழித்துவிட்டது. வைத்தியம் தள்ளிப்போய், சீழ் வைத்து, கருவிழி சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. முனியன் சுற்றி வளைக்கவில்லை. “என்னுதுல ஒண்ணை எடுத்து இவளுக்கு வைங்க. எனக்கு ஒண்ணு போதும்” என்றார். உயிரோடு இருப்பவர்களிடம் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என் கண்ணு, என் பொண்டாட்டி. நடுவுல கவர்மெண்டுக்கு இன்னா வேலை?” அஞ்சலை அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, “சும்மா இருய்யா. ரெண்டு பேரும் ஒத்தைக் கண்ணோட தெருவுல போனா நல்லாவா இருக்கும்?” என்றார்.

புதுச்சேரியில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தோம். மல்லாட்டை பிடுங்கி, நெல் நட்டு, அதுவும் அறுப்புக்கு வந்தது. முனியன் வாரத்துக்கு ஒரு முறை செஞ்சிக்கு வந்தால் எங்கள் வாசலில் நின்று, “ஏதாவது?” என்று கேட்பார். “இன்னும் இல்லைங்க” என்று ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே சொல்வேன். இன்னொருவர் வீட்டில் சாவு விழுந்தால்தான் அவருக்கு நான் நல்ல செய்தி சொல்ல முடியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. நான் முனியனைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கழனியில் நின்றுகொண்டிருந்தார். போனை வைக்காமலேயே அவர் வரப்பில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆபரேஷன் நன்றாக ஆனது. வீட்டுக்கு அனுப்பிய அன்று தசரதன் அண்ணனும் நானும்தான் ஜீப்பில் கூட்டிப் போனோம். அஞ்சலை வழி நெடுக எதையும் விடவில்லை. கோட்டை மலையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், புதிதாகக் கட்டிய பெட்ரோல் பங்க்கைப் பார்த்து, “இது எப்ப வந்தது?” என்று கேட்டார். ஊரில் இறங்கும்போது முனியன் பழக்கத்தில் கையை நீட்டினார். அஞ்சலையும் பழக்கத்தில் பிடித்துக்கொண்டார். வாசலில் பெண்கள் ஆரத்தியோடு நின்றார்கள். அஞ்சலை எல்லாரையும் தாண்டி நேராக அடுப்பங்கரைக்குப் போனார். முனியன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இத்தனை நாள் சமைத்துப் போட்டவர் அவர். அடி முதல் விளிம்பு வரை கரி பிடித்த ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு அஞ்சலை வெளியே வந்தார்.

“அடப்பாவி மனுசா! இதுலயா எனக்கு இவ்ளோ நாளா சோறாக்கிப் போட்ட?”

ஒரு வாய்

கண் கொடுத்த குடும்பங்களையும் பார்வை பெற்றவர்களையும் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்து விழா நடத்தினோம். யார் கண் யாருக்குப் போனது என்பதை மட்டும் சொல்லக் கூடாது, அது விதி. சரோஜா அம்மா வந்திருந்தார். பைக்கில் போன மகனை விபத்தில் இழந்து, அவன் கண்களைக் கொடுத்தவர். மகனுக்குப் பிடித்த அதிரசம் ஒரு டப்பா நிறையச் செய்துகொண்டு வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வாயால சொல்ல வேணாம்மா. எங்க உக்காந்திருக்காங்கன்னு கண்ணால காட்டு, போதும்” என்றார். முடியாதும்மா என்றேன். அந்த விதியை எழுதியவர் அங்கே வந்து அதைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

சரோஜா அம்மா டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திறந்தார். பிறகு எழுந்தார். பார்வை பெற்றவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனார். முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். அதிரசத்தைப் பிட்டு, “வாயத் தொற” என்றார். அவர் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார். அடுத்து பிளஸ் டூ படிக்கும் பெண். அடுத்து மீசை வைத்த தையல்காரர். ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்துவிட்டுத்தான் ஊட்டினார். யாருக்கும் விஷயம் தெரியாது. ஆனாலும் மண்டபமே சிரிப்பும் கைத்தட்டலுமாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் வரிசையின் கடைசிக்கு ஓடிப் போய் மறுபடி உட்கார்ந்து இன்னொரு வாய் வாங்கிக்கொண்டார்கள். டப்பா காலியானதும் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த விழாவிலும் பார்த்ததில்லை.

“நீ சொல்லாட்டி போ. எல்லாருக்கும் ஊட்டிட்டேன். எதுல இருந்து பார்த்திருந்தாலும், அம்மா வந்திருக்குதுன்னு எம்புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும்.”

இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு குறைதான்: செஞ்சி பஜாரில் தெரிந்தவர் யாரையாவது பார்த்து, “உடம்பு எப்படி இருக்குது?” என்று நான் அன்பாக விசாரித்தால், “ரொம்ப நல்லா இருக்குது மேடம்” என்று சொல்லிவிட்டு அவசரமாக நடையைக் கட்டிவிடுகிறார்கள்.